எங்கள் வேலையையும் கேட்டுவிட்டு வீடு கொடுங்கள்

நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் வீடுகளை வாடகைக்கு விடும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

கேட்டில் 'டு லெட்' போர்டு மாட்டிவிட்டு நீங்கள் போனில் கேட்கும் கேள்விகள் எங்களுக்கு மனப்பாடம். எத்தனை பேர், வெஜ்ஜா நான்வெஜ்ஜா, சார் எங்கே வேலை பார்க்கிறார், வண்டி எத்தனை, சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா. 'அம்மா என்ன பண்றீங்க' என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் 'வீட்லதான் இருக்கேன்' என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறீர்கள். வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன், துணிப்பை தைக்கிறேன், கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் செய்து விற்கிறேன் என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மாறிவிடுகிறது. 'வீட்ல கேட்டுச் சொல்றேம்மா' என்கிறீர்கள். அதன் பிறகு போன் வருவதில்லை.

இந்த அனுபவத்தால் எங்களில் நிறையப் பேர் இப்போது தொழிலைப் பற்றி வாயே திறப்பதில்லை. தையல் மெஷினைப் போர்வையில் சுற்றி, கட்டில் மெத்தைக்கு நடுவில் வைத்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வாடிக்கையாளர் வந்தால் அக்கா பெண், சித்தி மருமகள் என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். நேர்மையாகச் சம்பாதிக்கும் ஒரு பெண் தன் வேலையைத் திருட்டுப் பொருளைப் போல ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு வேதனை என்பதை நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் சொல்லிவிட்டுத்தான் குடிவந்தேன். 'அதுக்கென்னம்மா, நம்ம வீடு மாதிரி வெச்சுக்கோங்க' என்று வாய்ப்பேச்சில் சம்மதம் கிடைத்தது. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்த பிறகு எங்கள் தெருவில் வாடகைப் பேச்சே வேறாகிவிட்டது. அதுவரை யாருக்கும் தொந்தரவாகத் தெரியாத என் மெஷின் திடீரென்று தொந்தரவானது. 'வீட்டைக் கடையாக்கிட்டீங்க' என்றார்கள். ஆடி பிறந்துவிட்டால் புதிதாக யாரும் குடிவர மாட்டார்கள், ஆகவே ஆனிக்குள் காலி செய்யுங்கள் என்று கெடு வைத்தார்கள். வீடு அவர்களுடையது, கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்ட விதமும் கொடுத்த காலமும் என் தொழிலை என்ன செய்தன என்பதை இங்கே எழுதியாக வேண்டும். எங்களைக் காலி செய்யச் சொல்லும் எவருக்கும் அது தெரிவதில்லை.

ஒரு குடும்பம் வீடு மாறுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பாத்திர மூட்டை. குட்டி யானையில் இரண்டு நடை. காலையில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் ஏற்றி இறக்கி முடித்துவிடலாம். எங்கள் வீடு அப்படிக் காலியாவதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பீட்ஸும் சம்கியும் இருக்கும். பாரிமுனை கோடவுன் தெருவில் பேரம் பேசி வாங்கிய லைனிங் துணி, சணல் துணிச் சுருள்கள், ஜிப் ரோல்கள், ரன்னர் டப்பாக்கள் இருக்கும். பிரவுன் ஷீட்டில் வெட்டி ஆணியில் மாட்டிய பேட்டர்ன்கள் இருக்கும். டிசைனை வரைந்து அதன் கோடு நெடுக ஊசியால் குத்தி எடுத்த ட்ரேசிங் பேப்பர்கள் இருக்கும். மண்ணெண்ணெயில் குழைத்த பொடியை அந்தப் பேப்பர் மேல் தேய்த்தால்தான் துணியில் பூவும் மயிலும் இறங்கும். அதை மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கெட்டுவிடும். சுருட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். மூட்டை கட்ட வரும் பையனுக்கு அது பழைய பேப்பர்.

அளவு ஜாக்கெட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் புது ஜாக்கெட் தைக்கத் தன் உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டைச் சேஃப்டி பின் கொண்டு குத்தி வைத்திருப்போம். சிலர் வாங்க மறந்திருப்பார்கள். சிலர் ஊர் மாறியிருப்பார்கள். ஒருவரின் அம்மா உயிரோடு இருந்தபோது கொடுத்த ஜாக்கெட் என் பெட்டியில் இருக்கிறது. மகள் 'இருக்கட்டும் அக்கா, வந்து வாங்கிக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறாள். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் எல்லோரும் எனக்குச் சொன்ன புத்தி, 'பாதியைத் தூக்கிப் போட்டுட்டுப் போம்மா' என்பதுதான். எதைத் தூக்கிப் போட? இது என் பொருளே கிடையாது. பிறர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

வேண்டாததைக் கழிப்பது நல்ல பழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஜப்பானில் மரி கொண்டோ என்ற பெண்மணி வீட்டுப் பொருள்களில் மனத்துக்கு மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். குடும்பப் பொருளுக்கு அது பொருந்தலாம். கைவேலைக்காரியின் வீட்டில் ஒரு பொருளின் மதிப்பை மகிழ்ச்சி தீர்மானிப்பதில்லை, அடுத்து வரும் ஆர்டர் தீர்மானிக்கிறது. கிளிப்பச்சைப் பட்டு வெட்டில் மிஞ்சிய ஒரு சாண் துணி இன்று குப்பை. தையில் ஒரு கல்யாணப் பெண் அதே நிறத்தில் சுருக்குப் பை கேட்டால் அதுதான் லாபம். ஆகவே கழிப்பதற்கும் எங்களுக்கு நேரம் வேண்டும். நான் என் வெட்டுத் துணி மூட்டைகளைத் தரையில் கொட்டிப் பிரித்தேன். உள்ளங்கையை விடப் பெரியதெல்லாம் பைக்கும் பூவுக்கும். அதை விடச் சிறிய பருத்தி, தலையணைக்கும் ஊசி குத்தும் மெத்தைக்கும். பாலியஸ்டர் பிசிறை மட்டும் குப்பைக்குக் கொடுத்தேன். போகிக்கு எரிப்பது போல எரித்துவிடலாம் என்றார் ஒருவர். எரித்தால் அந்தப் புகை உங்கள் வீட்டுக்குள்ளும்தான் வரும். பின்பூச்சு உரிந்த கற்கள், இறுகிப்போன பசை பாட்டில்கள், வெயிலில் வெளுத்த ரிப்பன், வளைந்த ஊசிகள் எல்லாம் போயின. இரும்பு ஸ்டாண்ட் ஒன்றைக் காயலான் கடைக்குப் போட்டேன். இந்தப் பிரிப்பை நிதானமாகச் செய்தால் அது தொழிலுக்கே நல்லது. என்ன இருக்கிறது, எதில் பணம் முடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கெடுவை முதுகில் சுமந்துகொண்டு செய்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே மூட்டைக்குள் போகும், அல்லது சேர்ந்தே தெருவுக்குப் போகும். என்னோடு சேர்ந்து வேலை கற்ற ஒரு பெண் ஒரு வார அவகாசத்தில் வீடு மாறினாள். குந்தன் கல் டப்பாக்கள் எந்த மூட்டையில் போயின என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஆரி ஸ்டாண்டில் பாதி வேலையில் ஒரு முகூர்த்த ஜாக்கெட் துணி இருந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி பறை போல விறைப்பாக நிற்க வேண்டும். அந்த விறைப்பில்தான் ஜர்தோசிச் சுருள்கள் ஒரே வரியாக உட்காரும். நடுவில் அவிழ்த்து மறுபடி கட்டினால் பழைய வரியும் புது வரியும் ஒட்டாது; கைப்பட்டையில் அலை விழும். அதனால் அவிழ்க்காமல், சட்டத்தோடு வெள்ளைத் துணி சுற்றி, வண்டியில் இரண்டு பீரோக்களுக்கு நடுவில் நிறுத்தி, கூடவே நானும் நின்றுகொண்டு போனேன். மழை வந்திருந்தால் அந்தப் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இவ்வளவையும் சொல்வது பரிதாபம் தேடுவதற்காக இல்லை. ஒரு மாதக் கெடுவில் குடும்பம் வீடு மாறலாம், ஒரு தொழில் மாற முடியாது. அது உங்களுக்குப் புரிய வேண்டும்.

உங்கள் பயங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் சில நியாயமானவை.

முதல் பயம் கரண்ட். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் மின்வாரியத்திலிருந்து வந்து கமர்ஷியல் ரேட் போட்டு அபராதம் கட்டச் சொல்வார்கள் என்கிறீர்கள். இது வெறும் கற்பனை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்துக்கு வழியும் இருக்கிறது. மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலில் குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் என்றே தனி வகை ஒன்று இருக்கிறது. வணிக ரேட்டும் அதுவும் வேறு வேறு. வேலை பெரிதாகி மெஷின்கள் கூடினால் அந்த வகையில் தனி இணைப்பு எடுக்க நாங்கள் தயார். உங்கள் கையெழுத்துதான் வேண்டும். ஒரு மெஷின், ஒரு ஆரி ஸ்டாண்ட் என்ற அளவில் கரண்ட் எவ்வளவு ஆகிறது என்பதையும் பாருங்கள். ஆரிக்கு ஊசியும் கையும் போதும், கரண்ட் செலவு ஒரு பல்புக்குத்தான். வீட்டுத் தையல் மெஷின் மோட்டார் ஏறக்குறைய 100 வாட்ஸ். உங்கள் சமையலறை மிக்ஸி 500 அல்லது 750 வாட்ஸ். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே ரேட்டாக எங்களிடம் வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை எங்களுக்கு வந்து சேர்வதில்லை. கரண்ட் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் பேசுவோம்.

அடுத்தது, ஆள் நடமாட்டம். வருகிறவர்கள் பெண்கள், பகலில் வருகிறார்கள், அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நேரம் குறிப்பிடுங்கள், கட்டுப்படுகிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓட்டக் கூடாது என்றால் ஓட்டமாட்டோம். தண்ணீர் எங்கள் வேலைக்குக் கூடுதலாகத் தேவையில்லை. சுவரில் ஆணி அடிப்பது பிடிக்காது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஸ்டாண்ட் வைத்துக்கொள்கிறோம்.

சத்தம் என்று சொல்லும் வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இந்த வட்டாரத்தில் சொந்த வீடு கட்டியவர்களில் எத்தனை பேர் ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள்! டாங்க் ஃபேக்டரிக்கு அடுத்தபடி ஆவடியில் பேர்போனது ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். 1960-களிலிருந்து அங்கே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. 2021 அக்டோபரில் படைத்துறைத் தொழிற்சாலைகளைப் பிரித்துப் புது நிறுவனங்களாக மாற்றிய பிறகும் அங்கே வேலை அதேதான். உங்களில் சிலருடைய அப்பா, சிலருடைய கணவர், சிலர் நீங்களே அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த பணத்தில் பட்டாபிராமிலும் நெமிலிச்சேரியிலும் மனை வாங்கினீர்கள். அந்த மெஷின் சத்தம் உங்கள் வீட்டுக்குச் சுவர் எழுப்பியது. அதே சத்தம் இன்று உங்கள் கீழ்வீட்டில் ஒரு பெண்ணின் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிறது. தொழிற்சாலைக்குள் நடந்தால் வேலை, வீட்டுக்குள் நடந்தால் தொந்தரவு என்று பிரிப்பது நியாயமா?

வீட்டுக்குள் நடக்கும் வேலையை வேலையாகவே எண்ணாத பார்வை உங்களிடம் மட்டும் இருப்பதில்லை. அகமதாபாத்தில் எலா பட் 1972-இல் சேவா அமைப்பைத் தொடங்கியபோது, முதலாளியே இல்லாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று சொல்லித் தொழிலாளர் துறையே பதிவு செய்யத் தயங்கியது. நம் சென்னையில் ஜெயா அருணாச்சலம் 1978-இல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். கூடைக்காரப் பெண்களையும் வீட்டில் இருந்து தொழில் செய்யும் பெண்களையும் வங்கிகள் மதிக்காத காலம் அது. அவர்களுக்குச் சிறுகடன் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டில் இருந்து தொழில் செய்பவர்களுக்காக 1996-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சேவா பெண்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்த ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் தொழில் செய்யும் பெண்ணுக்கு வீடுதான் பட்டறை. வீடு ஒழுகினால் சரக்கு நனையும். வீடு மாறினால் வருமானம் நிற்கும். வங்கியும் அரசும் இதைப் புரிந்துகொள்ள எத்தனையோ காலம் ஆனது. எங்களுக்கு வங்கிக்கும் அரசுக்கும் முன்னால் நிற்பது நீங்கள்.

வாடகை ஒப்பந்தம் என்று நீங்கள் தர மறுக்கும் ஒரு காகிதம் எங்களை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று சொல்கிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நாங்களே செய்துகொள்ளலாம். அதில் தொழில் நடக்கும் முகவரி கேட்கிறார்கள். முத்ரா சிசு திட்டத்தில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்டுப் போனால் வங்கியும் முகவரியைத்தான் முதலில் கேட்கிறது. ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்தவர்களுக்கு வாடகை ஒப்பந்தமும் இ.பி. ரசீதும் வேண்டும். வாய்ப்பேச்சில் குடியிருக்கும் பெண்ணிடம் இவற்றில் எதுவும் இருக்காது. கமர்ஷியலாகிவிடும், சொத்து வரி ஏறிவிடும் என்று ஒப்பந்தம் எழுதவே பயப்படுகிறீர்கள். வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி கையில் வாங்கிக்கொள்கிறீர்கள். அவள் எத்தனை வருஷம் தைத்தாலும் கணக்கில் 'ஹவுஸ் வைஃப்' ஆகவே நிற்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. காலி செய்த பிறகு, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது. காலி செய்யவைக்கத் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. வாடகை பாக்கி வைப்பவரை, ஒப்பந்தத்தை மீறுபவரை நீங்கள் முறைப்படி வெளியேற்றலாம். எழுதிக்கொள்வதில் இரண்டு பேருக்கும் லாபம்.

அட்வான்ஸ் விஷயத்தில் மனம் நொந்து எழுதுகிறேன். பழைய வீட்டின் அட்வான்ஸ் கைக்கு வரும் முன்பே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டும், வண்டிக்கும் ஆள்களுக்கும் கொடுக்க வேண்டும். இங்கே 'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்' என்கிறீர்கள். தரும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். சுவரில் கை வைத்த தடம் கூட இல்லாத வீட்டுக்கும் அதே பிடித்தம். சம்பளக்காரர் வீட்டில் இது ஒரு மாதச் சிரமம். எங்களுக்கு ஒரு சீசனே போய்விடும். ஆனியில் காலி செய்தால், ஆவணி முகூர்த்தங்களுக்கும் புரட்டாசிக் கொலுவுக்கும் சரக்கு எடுக்கும் பணம் அதே நாள்களில்தான் வேண்டும். தேவராஜ முதலி தெருவிலும் நைனியப்ப நாயக்கன் தெருவிலும் கையில் காசு கொடுத்தால்தான் சரக்கு. உங்கள் பீரோவில் தூங்கும் அந்த அட்வான்ஸ் எங்கள் தொழிலின் முதல்.

நாங்கள் ஏன் இந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று கேட்கலாம். அம்பத்தூர் வாடகை எங்களுக்குக் கட்டாது. இங்கிருந்து ஒரே ரயிலில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பாரிமுனையில் சரக்கு எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை நம் நெமிலிச்சேரியில்தான் திருவள்ளூர் சாலையைத் தொடுகிறது. அதன் முதல் கட்டமே வண்டலூரில் தொடங்கி இங்கேதான் வந்து முடிந்தது. பூந்தமல்லிப் பக்கத்து வாடிக்கையாளரும் செங்குன்றம் பக்கத்து வாடிக்கையாளரும் எனக்கு அந்தச் சாலை வழியாகவே கிடைத்தார்கள். தொழில் என்பது மெஷினும் துணியும் மட்டும் இல்லை. தெருமுனை அயர்ன் வண்டிக்காரருக்கு என் பெயர் தெரியும், வழி கேட்டு வருபவரை அவர் அனுப்பிவைப்பார். ஊர் விட்டு ஊர் போனால் அதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

எங்கள் வேலையும் உங்கள் வீட்டு விசேஷங்களும் அவ்வளவு தூரத்தில் இல்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழ்நாடு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பையை யார் தைத்தார்கள்? பெரும்பாலும் ஏதோ ஒரு வாடகை வீட்டின் ஹாலில், டி.வி.யை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்த ஒரு பெண். பையை மனதாரப் பாராட்டுகிறீர்கள். அதைத் தைத்தவளுக்கு உட்கார இடம் கொடுக்கவும் அதே மனம் வேண்டும்.

மழையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் மட்டும் தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் வருமா என்பதுதான் அது. ஈசா ஏரித் தண்ணீர் திருநின்றவூர் பெரியார் நகருக்குள் நின்றதை இந்தப் பக்கம் பார்க்காதவர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு வாசலில் சணல் துணியை விரித்து உலர்த்திய பெண்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை சேற்றில் நனைந்த சணல் எவ்வளவு உலர்த்தினாலும் நாற்றம் போகாது, கறை போகாது. சோபா நனைந்தால் உலர்த்தி உட்காரலாம். விற்பனைச் சரக்கு நனைந்தால் முதலே போனது. தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மேல் தட்டில் அடுக்கி வைத்துப் பிழைத்துக்கொள்வோம்.

திருநின்றவூர்க்காரர்களுக்குச் சிவனடியார் பூசலாரின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. காசு இல்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ அரசன் காடவர் கோமான் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத அந்த வேலைக்காக அரசன் தன் நாளைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. எங்கள் வேலையும் வெளியே தெரியாதது. பக்தியோடு தொழிலை ஒப்பிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்காக ஒரு நாளைத் தள்ளிவைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்று மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே கேட்கிறேன். போனில் பேசும்போதே எங்கள் வேலையைக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டோம், அடுத்த வீட்டைப் பார்ப்போம். சம்மதம் என்றால் அந்தச் சம்மதத்தை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்: 'இந்த வீட்டில் தையல், கைவினை வேலை செய்துகொள்ள அனுமதி உண்டு.' எத்தனை மெஷின், எத்தனை மணிவரை, எந்த அறை என்று உங்கள் நிபந்தனைகளையும் அதிலேயே எழுதுங்கள். காலி செய்யச் சொல்வதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். கையில் வாங்கிய ஆர்டரை முடித்து, புது ஆர்டரை வேறு முகவரிக்கு மாற்றி, கழிக்க வேண்டியதைக் கழித்து, முறையாகக் கிளம்ப அது போதும். ஆவணியிலிருந்து கொலு முடியும் வரையும் தை முகூர்த்தங்கள் நடக்கும் காலத்திலும் முடிந்தவரை எங்களை எழுப்பாதீர்கள். அட்வான்ஸைச் சாவி வாங்கும் அன்றே கொடுங்கள், முடியாவிட்டால் சட்டம் சொல்லும் ஒரு மாதத்துக்குள் கொடுங்கள். பெயின்டிங்குக்குப் பிடிப்பதாக இருந்தால் சுவரைக் காட்டி, செலவைக் காட்டிப் பிடியுங்கள்.

இவற்றை ஏற்கெனவே செய்கிற வீட்டுக்காரர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி குடியிருக்கும் வீட்டில், ரிட்டயர்ட் டீச்சரான வீட்டுக்கார அம்மா கார் நிறுத்தாத போர்டிகோவை ஆரி வகுப்புக்கு விட்டிருக்கிறார். நான்கு ஸ்டாண்ட் போட்டுச் சனி, ஞாயிறில் பெண்கள் கற்கிறார்கள். அந்தத் தெருவில் யாரும் குறை சொன்னதாக நான் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் போல இன்னும் நூறு பேர் இந்த மூன்று ஊர்களிலும் முன்வந்தால், வீட்டைத் தேடும்போது எங்கள் தொழிலை ஒளிக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஆடி போய் ஆவணி பிறந்ததும் எங்களில் பலர் மறுபடி வீடு தேடி வருவோம். அப்போது உங்கள் போர்டில் 'ஃபேமிலி மட்டும்' என்ற வரிக்குக் கீழே, 'வீட்டில் கைத்தொழில் செய்பவர்களும் கேட்கலாம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் கைத்தொழில் செய்யும் ஒரு பெண்,
நெமிலிச்சேரி